பொட்டாஷ் சாக்கில் கட்டிய கார்னெட்

இரும்பில் துரு நீக்குகிற இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "பாய், கார்னெட்டை எத்தனை தடவை திருப்பி அடிக்கலாம்?" மூன்று என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள். ஐந்து என்றாலும் குறித்துக்கொள்வார்கள். அதனாலேயே நான் எண்ணிக்கை சொல்வதில்லை. டீ வாங்கித் தாருங்கள், குடவாசல் பக்கம் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன் என்பேன். அவமானம் என்று சொன்னாலும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. என் பணிக்காலத்திலேயே சந்தோஷமான பதினைந்து நாள் எது என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்போது நான் வளைகுடாவில் கப்பல் கட்டும் துறையில் பத்து வருஷம் பிளாஸ்டிங், அதாவது மணலைக் காற்றில் பீய்ச்சித் துரு எடுக்கிற வேலை, அடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். திரும்பியவனுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. இங்கே அதுவரை எல்லோரும் ஆற்று மணலை வைத்துத்தான் துரு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கார்னெட் அப்படியில்லை. தெற்கே கடற்கரையில் எடுக்கிற கருஞ்சிவப்பு மணல். கனம், கூர்மை, தூசி குறைவு. காற்றழுத்தத்தில் இரும்பின் மேல் பீய்ச்சினால் துரு போவதோடு பெயிண்ட் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பும் கிடைக்கும். விலைதான் அதிகம். ஆகவே அடித்ததை அள்ளி, தூசி நீக்கி, திரும்ப அடிப்பார்கள். "துபாய்ல இப்படித்தான்" என்று நான் ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்லியிருப்பேன். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் எனக்குத் துபாய் பாய் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

வேலை ஒரு சட்ரஸில். ஆற்றின் குறுக்கே இரும்புக் கதவுகள் போட்டு, தண்ணீரைத் தேக்கி, வாய்க்கால்களில் ஏற்றிவிடுகிற கட்டுமானத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் போக ஐந்து கண். பழைய கதவுகள் உளுத்துப்போனதால் ஐந்து புதுக் கதவுகள் செய்து கரையில் கிடத்தியிருந்தார்கள். அவற்றைப் பிளாஸ்டிங் செய்து, பெயிண்ட் அடித்து, தண்ணீர் வருவதற்குள் மாட்டிவிட வேண்டும். கதவு இல்லாவிட்டால் வருகிற தண்ணீர் தேங்காமல் அப்படியே கடலுக்குப் போய்விடும். பாசனத்தின் கடைசிக் கோடியில் இருக்கிற கடைமடை ஊர்களின் வாய்க்காலில் ஒரு சொட்டு ஏறாது. இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டுகொண்டிருந்த காலம். யார் ஆண்டாலும் காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்பதுதான் டீக்கடையில் பேச்சு. அந்த வருஷம் மேட்டூரில் திறப்பார்களா மாட்டார்களா என்று கடைசி வரை தெரியவில்லை.

அடித்த கார்னெட்டை அள்ளிச் சுத்தம் செய்ய ஆறு பெண்களை வேலைக்கு வைத்திருந்தோம். கோடையில் வயலில் வேலை இல்லாத விவசாயத் தொழிலாளிகள். அவர்களுக்குத் தலைவி பாக்கியம். நாற்பது வயசு இருக்கும், நெடுநெடுவென்று உயரம், பேச்சில் யாரையும் விட்டுவைக்காத வாய். முதல் நாள் நான் சல்லடையைக் கொடுத்து, துபாயில் எப்படிச் சலிப்பார்கள் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு பாக்கியம் சொன்னார்:

"பாய், இதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு? நெல்லு தூத்துற மாதிரி தூத்தினா பதரு தனியா போயிடப் போவுது."

சட்ரஸை ஒட்டி நெல் அடிக்கிற சிமெண்டுக் களம் ஒன்று இருந்தது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, முறத்தில் கார்னெட்டை அள்ளித் தலைக்கு மேலிருந்து சரியவிட்டார்கள். உடைந்து மாவாகிப்போனது காற்றோடு பறந்தது. கூர்மை உள்ள கனமான குருணை காலடியில் குவிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வளைகுடாவில் இதைச் செய்ய ஒரு அறை அளவுக்கு இயந்திரம் வைத்திருந்தார்கள். (நீங்கள் தூற்றாதீர்கள். இப்போது அந்த இயந்திரம் இங்கேயும் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்தத் தூசிக்குத் துணி போதாது.)

பாக்கியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஊர் கடைமடை. ஒரு மிராசுதாரின் நிலத்தில் ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகை, அவர் மாமனார் காலத்திலிருந்து. மாமனார் போய், புருஷனும் போனபிறகு, பொம்பளை என்ன செய்துவிடப்போகிறாள் என்று நிலத்தைத் திருப்பி எடுக்கப் பார்த்தார்கள். பாக்கியம் விவசாயிகள் சங்கத்துக்குப் போனார், கோர்ட்டுக்குப் போனார், குத்தகைப் பதிவைத் தன் பேருக்கு மாற்றியும் வாங்கினார். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் தண்ணீர் வராமல் நிலம் தரிசாகக் கிடந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் உடனே வரப்பில் வந்து நின்று, இந்த வருஷமும் கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் ஏறவில்லை என்றால் சாகுபடி செய்யாத குத்தகைக்காரர் என்று மனுப் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் சட்ரஸ் கதவுக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர்தான் பாக்கியத்தின் வாய்க்காலுக்குப் போக வேண்டும். அதனால்தான் அவர் வேலைக்கு எல்லோருக்கும் முன்னால் வருவார், "கதவு எப்ப மாட்டுவீங்க?" என்பதுதான் காலை வணக்கம்.

முதல் மூன்று கதவுகளைப் புதுக் கார்னெட்டில் அடித்து முடித்தோம். அழகாக வந்தது. அடுத்த இரண்டுக்குத் திரும்ப எடுத்த கார்னெட்டே போதும் என்று கணக்குப் போட்டேன். தூற்றிய குவியலைப் பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது. அந்த நேரம் பார்த்து மேற்கே மேகம் கறுத்தது. கோடை மழை வந்தால் குவியல் நனைந்து கட்டியாகிவிடும். மூட்டை கட்டி வைக்கலாம் என்றால் சாக்கு இல்லை. கார்னெட் வந்த சாக்கையெல்லாம் நான்தான், ஸ்டைலாக, கத்தியால் வயிற்றைக் கிழித்துக் கொட்டியிருந்தேன். துபாயில் இப்படித்தான்.

களத்து ஓரத்துக் கொட்டகையில் உரச்சாக்குகள் நூறுக்கு மேல் அடுக்கிக் கிடந்தன. உதறிப் போட்டுக் கட்டச் சொன்னேன். பாக்கியம் ஒரு சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இது பொட்டாஷ் சாக்கு பாய். இதுல நாங்க வெதநெல்லு கட்ட மாட்டோம்."

"வெதநெல்லு மொளைக்கணும். இது மொளைக்கவா போவுது? கட்டுங்க சீக்கிரம்!" என்று கத்தினேன். நானே சிரித்துக்கொண்டேன், என் நகைச்சுவையை நினைத்து. அவர் சாக்கை உதறினார். கட்டிவிட்டார்கள்.

மழை அரை மணி நேரம் பெய்து நின்றது. மறுநாள் நாலாம் கதவை அந்த மூட்டையில் அடித்தோம். அடித்த சூட்டோடு முதல் பூச்சான பிரைமர் போட்டோம். பொதுப்பணித் துறையின் உதவிப் பொறியாளர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இளைஞர், வந்து பார்த்துத் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டார். அதற்கு அடுத்த நாள் அஞ்சாம் கதவு. காலை முழுக்க அடித்தோம். இரும்பு வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆனது. பிரைமர் அடிக்கிற துப்பாக்கியில் அடைப்பு. சரி, அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று போனோம்.

திரும்பி வந்து பார்த்தால் கதவு முழுக்க மஞ்சள். வேப்பங்கொட்டை அளவுக்குத் திட்டுத் திட்டாகப் புதுத் துரு. ஒரு சாப்பாட்டு நேரத்தில்!

முதலில் காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரசர்காரரைத் திட்டினேன், காற்றில் ஈரம் வருகிறது என்று. அவர் வெள்ளைத் துணியைக் குழாய் முன்னால் பிடித்துக் காட்டினார். துணி காய்ந்தே இருந்தது. பிறகு நான் வளைகுடாவில் படித்த சோதனையைச் செய்தேன். ஒரு பாட்டிலில் கார்னெட்டைப் போட்டு, குடிதண்ணீர் ஊற்றிக் குலுக்கி, படியவிடுவது. மேலே எண்ணெய் மிதந்தால் தெரியும், தூசி இருந்தால் கலங்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. பாட்டிலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். "கார்னெட்ல ஒண்ணுமில்ல. தூத்துறவங்க கையில எண்ணெயோ வேர்வையோ இருந்திருக்கணும்" என்றேன்.

அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறு பெண்களும் முறத்தைக் கீழே வைத்தார்கள். பாக்கியம் நேரே வந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். மேலாக இருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, நாக்கில் வைத்து, பக்கத்தில் துப்பினார்.

"நக்கிப் பாருங்க பாய்."

பார்த்தேன். உப்பு. உப்போடு ஒரு கசப்பு.

"எங்க வேர்வை இவ்ளோ கசக்காது" என்றார்.

பொட்டாஷ். அதுவும் சிவப்புப் பொட்டாஷ். கார்னெட்டும் சிவப்பு, அதுவும் சிவப்பு. சாக்கின் மூலையில் ஒட்டியிருந்த குருணை கலந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தண்ணீரில் போட்டால் கரைந்து போய்விடும், மிதக்காது, கலங்காது. அந்த உப்பு இரும்பில் பட்டால் காற்றிலுள்ள ஈரமே துருப்பிடிக்கப் போதும். தம்பி, தங்கச்சி, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கார்னெட் தேய்ந்து மாவாவதைக் கண் கண்டுபிடித்துவிடும். கெட்டுப்போவதைக் கண் கண்டுபிடிக்காது. எத்தனை தடவை அடித்தோம் என்று எண்ணுவதைவிட, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் அது எங்கே இருந்தது, எதில் கட்டிக் கிடந்தது என்று கேளுங்கள். உங்களுக்கு உப்பு அளக்கிற மீட்டர் இருக்கிறது. நாக்கை நீட்ட வேண்டாம்.

சரி, அஞ்சாம் கதவின் வண்டவாளம் தெரிந்துவிட்டது. நாலாவது? அது பிரைமர் போட்டு, கையெழுத்தாகி, பளபளவென்று கிடந்தது. ஆனால் அதன் அடியிலும் அதே உப்பு. தண்ணீரில் இறக்கினால் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பிறகு ஓரம் துருப்பிடித்துக் கதவு ஏறாமல் இறங்காமல் இறுகும். எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அன்று மாலை பொறியாளர் ஜீப்பில் விரைந்து வந்தார். "மேட்டூர் திறந்தாச்சு. எட்டு ஒம்போது நாள்ல இங்க தண்ணி." எங்களை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டால், "அஞ்சாவது மேல லேசா ஒரு தடவ அடிச்சு பெயிண்ட போடு பாய், ரெண்டையும் ஏத்து. தண்ணிக்குள்ள போற கதவ எவன் பார்க்கப் போறான்?" என்றார். புதுக் கார்னெட் தெற்கேயிருந்து வர வேண்டும். வந்து, நாலாவதை உரித்து, இரண்டையும் புதிதாக அடித்து, பெயிண்ட் இறுகி, மாட்டி... எட்டு நாளில் ஆகுமா? ஆகாவிட்டால் பாக்கியத்தின் நிலம் போகும். அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் எப்படி முடிவெடுப்பது? போய்ச் சொன்னேன். நாலாவது கதவையும் சேர்த்து, ஒளிக்காமல் சொன்னேன். "இப்படியே ஏத்தினா இந்த வருஷம் உங்களுக்குத் தண்ணி நிச்சயம். உரிச்சா நிச்சயமில்ல."

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஒரு வருஷம் மட்டுமா பாய் நான் பயிரு வக்கப் போறேன்? உரிங்க."

நான் பொறியாளரிடம் போய், சாக்கு என் யோசனை, தப்பு என் தப்பு, நாலாவதையும் உரிக்கப்போகிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. ஆனால் நல்ல பிள்ளை. "கையெழுத்த நான் வாபஸ் வாங்கிக்கிறேன் பாய். லாரிய மட்டும் வர வைங்க" என்றார். ஒப்பந்தக்காரர் என்னை என்னென்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "உன் பேச்ச நம்பி ஒரு லோடு அனுப்பச் சொல்றேன்" என்று போனை வைத்தார்.

மூன்றாம் நாள் காலை லாரி வரவில்லை. மன்னார்குடி ரோட்டில் மறியல் என்று தகவல் வந்தது. கடைமடைக்கும் தண்ணீர் வர உறுதி கொடு என்று விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பொறியாளர் ஜீப்பை எடுத்தார்; நானும் பாக்கியமும் ஏறிக்கொண்டோம். போய்ப் பார்த்தால் எங்கள் லாரியைச் சுற்றித்தான் பெருங்கூட்டம். தார்ப்பாயை விலக்கிச் சாக்கில் கை விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"மணல் கடத்துறானுங்க! ஆத்த சொரண்டினது பத்தாதுன்னு செவப்பு மணல் வேற!"

டிரைவர் கேபினுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி, "இது மணல் இல்லீங்க, கார்னெட்" என்று ஆரம்பித்தேன். "பேரு மாத்தினா மணலு இல்லாம போயிடுமா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். எனக்கும் கோபம் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒருவர் தோளில் மாட்டியிருந்த மண்வெட்டி துருவேறிக் கிடந்தது. அதைப் பிடுங்கி, ஈரத்துண்டில் ஒரு பிடி கார்னெட்டை அள்ளி, ரோட்டிலேயே குந்தி, வெறியோடு தேய்த்தேன். ரெண்டு நிமிஷத்தில் மண்வெட்டித் தகட்டின் ஒரு பக்கம் வெளுத்து மின்னியது. தூக்கிக் காட்டினேன். கூட்டம் அமைதியானது.

பாக்கியம் அந்த அமைதியை விடவில்லை. "நானும் கடமடைக்காரிதான். நீங்க கேக்குற தண்ணிய நிறுத்தி வாய்க்கால்ல ஏத்துற கதவு அங்க துருப்பிடிச்சுக் கெடக்கு. அதத் தேய்க்கத்தான் இந்த மணலு. தண்ணி நாலஞ்சு நாள்ல வந்துடும். கதவு இல்லாம வந்தா கடலுக்குத்தான் போவும். மறியல நீங்க யாருக்கு எதிரா பண்றீங்க, எங்களுக்கா?"

ஒரு நொடிதான். பிறகு, "வழி விடுங்கப்பா, லாரிக்கு வழி விடுங்க!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். முன்பு சண்டைக்கு வந்தவரே லாரிக்கு முன்னால் கொடியோடு நடந்து வழி எடுத்துக்கொடுத்தார். ஆனால் மண்வெட்டிக்காரர் என்னை விடவில்லை. "மறுபக்கத்தையும் தேச்சுக் குடுத்துட்டுப் போங்க பாய்" என்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் அரிவாளோடு நின்றார்கள். ஒரு சாக்கைப் பிரித்து ஆளுக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். கத்தியால் கிழிக்கவில்லை, தையலைப் பிரித்துத்தான்.

அடுத்த நாட்களில் நாங்கள் செய்த வேலையைப் போல நான் வளைகுடாவிலும் செய்ததில்லை. புதுக் கார்னெட் ஒரு பிடி கூடப் பழைய களத்துப் பக்கம் போகவில்லை. அஞ்சாம் கதவு முதலில் முடிந்து இறுகியது; முதல் மூன்றோடு அதையும் மாட்டிவிட்டோம். ஆனால் உரிக்க வேண்டியிருந்த நாலாவது தாமதமாகிவிட்டது. தண்ணீர் கொரடாச்சேரி தாண்டிவிட்டது என்று செய்தி வந்த அன்றுதான் அதற்குக் கடைசிப் பூச்சு. இறுக இன்னும் மூன்று நாளாவது வேண்டும், ஈரம் படக்கூடாது.

"மாட்டுங்க, ஆனா எறக்காதீங்க. தூக்கியே வச்சா காத்துல காஞ்சுடும்" என்றார் பொறியாளர். "ஆனா அந்தக் கண்ணு வழியா தண்ணி ஓடிடுமே?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரை உடைந்தால் மூட்டை போட்டு அடைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. கெட்டுப்போன கார்னெட் மூட்டைகள் கொட்டகையில் தயாராக இருந்தன. மணலைவிட ஒன்றரை மடங்கு கனம். காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி, பலகை நிறுத்தி, நாலாம் கண்ணை அடைத்துவிட்டார்கள். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும் உருட்டிக்கொண்டு, பிறகு செம்மண் நிறத்தில். நாலு கதவுகளை இறக்கினோம். தண்ணீர் கதவுகளிலும் மூட்டைகளிலும் முட்டி, நின்று, மெல்ல மேலே ஏறி, வாய்க்கால் தலைப்பில் புகுந்தபோது நாங்கள் போட்ட சத்தம் குடவாசல் கடைத்தெருவுக்குக் கேட்டிருக்கும். பொறியாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். அழுகையும் வந்தது எனக்கு, மறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நாலாம் கதவும் இறங்கியது. மூட்டைகளைத் தூக்கிவிட்டோம். அந்தக் கதவை நான் ஓய்வு பெறும்வரை வருஷா வருஷம் போய்ப் பார்த்து வந்தேன். ஒரு கொப்புளம் இல்லை.

அதன் பிறகு ஒரு நாள் பாக்கியத்தின் ஊர்ப் பக்கம் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர் பம்புசெட்டுக்காரரின் நாற்றங்காலில் நாற்று வாங்கி, எங்களோடு வேலை செய்த அதே ஆறு பேரும் முழங்கால் சேற்றில் குனிந்து நின்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, அடங்கலில் குறுவை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். நான் வரப்பில் நின்றபோது எதிர்ப்பக்கத்திலிருந்து குடை ஒன்று வந்தது. மிராசுதாரின் காரியஸ்தர். வெள்ளை வேட்டி, கையில் மனு எழுதிய தாளோ என்னவோ, ஒரு மடித்த காகிதம். தரிசைப் பார்க்க வந்தவர், பச்சையைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே நின்றுவிட்டார்.

பாக்கியம் நிமிர்ந்தார். கையில் ஒரு முடி நாற்று.

"வாங்க, வாங்க. செருப்ப அங்கயே கழட்டிட்டு எறங்குங்க. இன்னும் ஒரு மா பாக்கி கெடக்கு, ஆளு பத்தல."